"கயித்தை விடு மாப்ள!" - படகு இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த கதை

கல்லலுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய், ஊரணி, அப்புறம் வானம். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் தேவகோட்டை, திருவாடானை தாண்டி தொண்டிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பைக் பட்டறை வைத்திருக்கும் என் அத்தானுக்கு, கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு ஒரு போன் வந்தது.

பேசியது, தொண்டிப் பக்கம் மீனவ கிராமம் ஒன்றில் இருக்கும் அவருடைய நண்பர். ஐ.டி.ஐ-யில் ஒன்றாகப் படித்தவர்கள். இவர் பட்டறை வைத்தார், அவர் அப்பாவின் வல்லத்துக்குப் போய்விட்டார்.

"மாப்ள, கரைக்கு வர்ற நேரத்துல வல்லம் கவுந்துருச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. இன்ஜின்தான் முங்கிப்போச்சு. தூக்கிட்டு வந்துட்டோம். கயித்தை இழுத்து இழுத்துப் பாக்குறேன், அசையவே மாட்டேங்குது. இப்ப ரெண்டு பேரு சேர்ந்து இழுக்கப்போறோம்."

அத்தான் வாயில் பற்பசை நுரை. துப்பக்கூட நேரமில்லாமல் கத்தினார்.

"கயித்தை விடு மாப்ள! தொடாத! முதல்ல கயித்தை விடு!"

அடுத்து மூன்றே கேள்விகள் கேட்டார். "முங்கும்போது இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சா, நிறுத்தியிருந்தியா? மணல் உள்ள போயிருக்கா? இப்ப அதை எங்க வச்சிருக்க?"

கரையை நெருங்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டார்களாம். முங்கிய இடத்தில் ஆழம் இருந்ததால் மணல் படவில்லையாம். இப்போது வீட்டு வாசலில், வெயிலில் காயவைத்திருக்கிறார்களாம்.

"வெயில்ல வைக்காத. நல்ல தண்ணித் தொட்டியில முழுசா முக்கி வை. நான் வர்ற வரைக்கும் வெளிய எடுக்காத."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார், "தண்ணிக்குள்ள முங்குனதை மறுபடியும் தண்ணிக்குள்ளயே போடச் சொல்றியா?"

வண்டி ஏறும்போது எனக்கும் அதே சந்தேகம்தான். ஆம்னி வேனில் டூல்ஸ் பெட்டியை வைத்த அத்தானை அக்கா நிறுத்தி, 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கை ஏற்றச் சொன்னாள். "தொட்டியில இருக்கிறது அவங்க குடிக்கிற தண்ணியா இருக்கும். அதுல இன்ஜினை முக்கிட்டா அந்தப் புள்ள சோத்துக்கு எதை உலை வைக்கும்?"

அக்கா சொன்னது சரிதான். அந்தக் கரையில் நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு. நாங்கள் போனபோது, நாலு நாளைக்கு வைத்திருந்த தண்ணீரில் இன்ஜின் படுத்திருந்தது. நண்பரின் மனைவி எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஜின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஏன் மறுபடியும் தண்ணீர்?

அத்தான் கையில் ஒரு பழைய ஆணியை எடுத்துக்கொண்டு விளக்கினார். "தண்ணிக்குள்ள கிடக்கிற இரும்பு மெதுவாத்தான் துருப்பிடிக்கும். வெளிய எடுத்த உடனே ஈரம், உப்பு, காத்து மூணும் சேர்ந்துக்கும். அப்புறம் மணிக்கணக்குதான்."

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடலில் மூழ்கிய இன்ஜினை வெளியே எடுத்துக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். பேரிங், பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர் எல்லாம் அரிக்கத் தொடங்கும். உடனே பிரித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால், நல்ல தண்ணீரில் முழுதாக மூழ்கடித்து வைப்பதுதான் நல்லது. காற்றும் படாது, உப்பும் கரையும்.

சரி, கயிற்றை ஏன் இழுக்கக் கூடாது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை அழுத்திச் சுருக்குகிறது. காற்று சுருங்கும். தண்ணீர் சுருங்காது. சிலிண்டர் நிறையத் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால், அது கருங்கல்லில் முட்டுவது போலத்தான். கயிறு அசையவில்லை என்றால் இன்ஜின் 'வேண்டாம்' என்று சொல்கிறது என்று அர்த்தம். அதையும் மீறி இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். தண்ணீர் செய்த சேதம் துடைத்தால் போய்விடும். கயிறு செய்த சேதத்துக்குப் புது இன்ஜின்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய இன்ஜின் என்றால் ராடு அப்போதே வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. மணல் புகுந்திருந்தால் சுற்றச் சுற்ற உள்ளே கீறிவிடும். இந்த இரண்டில் எது நடந்திருந்தாலும் முழுதாகப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. அத்தானின் முதல் இரண்டு கேள்விகளும் அதற்காகத்தான்.

வாசலில் நடந்த வைத்தியம்

அது 9.9 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல கரைகளில் இதைப் பார்க்கலாம்.

மேல்மூடியைக் கழற்றி, எல்லா இடத்திலும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினார் அத்தான். தீப்பொறி வராமல் இருக்க, அவசரத்துக்கு இன்ஜினை நிறுத்தும் சுவிட்சின் கிளிப்பைப் பிடுங்கினார். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி இன்ஜினைச் சாய்த்தார். பிறகு மேலே இருக்கும் பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினார்.

மடக்... மடக்... என்று தண்ணீர் கொட்டியது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாவது சுற்றில் கொட்டுவது நின்று, ஈரக் காற்று மட்டும் வந்தது.

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகைக் கழற்றி உள்ளே இருந்ததை வடித்தார். குழாய்களில் இருந்த எரிபொருளையும் கொட்டினார். வயர் இணைப்புகளைப் பிரித்து, துடைத்து, ஈரம் போக்கும் ஸ்பிரே அடித்தார். பிறகு, டூ ஸ்ட்ரோக் ஆயில் தாராளமாகக் கலந்த பெட்ரோலைச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஊற்றி, மறுபடியும் கையால் சுற்றினார். இந்த வகை இன்ஜினில் கிராங்க் பேரிங்குக்கெல்லாம் எரிபொருளோடு வரும் ஆயில்தான் மசகு. தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கும், அதனால் திரும்பப் பூச வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி பிடிக்க ஒருவரையும் விடவில்லை.

புது பிளக் போட்டு, இன்ஜினின் கீழ்ப்பகுதியை தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் இறக்கி, புது பெட்ரோல் கலவையில் கயிற்றை இழுத்தார். நான்காவது இழுப்பில் இருமியது. ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை தெருவையே மறைத்தது.

"இப்ப நிறுத்திடாத. அரை மணி நேரம் ஓடட்டும். அந்தச் சூட்டுலதான் உள்ள இருக்கிற மிச்ச ஈரம் காயும்."

நண்பரின் மனைவி அப்போதுதான் சிரித்தார். நாங்கள் கொண்டுபோன தண்ணீரில் உலை வைத்து, மீன் குழம்போடு சோறு போட்டார். 

இது ஒன்றும் சினிமா அல்ல. இதே சூழ்நிலையில் எல்லா இன்ஜினும் பிழைக்காது. இந்த இன்ஜின் பிழைத்ததற்குக் காரணம், முங்கியதற்கும் முக்கியதற்கும் இடையில் அதிக நேரம் ஆகவில்லை என்பதும், அந்த இரண்டு பேர் கயிற்றை இழுக்கவில்லை என்பதும்தான்.

ஐஸ்கிரீம் உருகியதால் வந்த இன்ஜின்

படகுக்குப் பின்னால் வெளியே மாட்டப்படுவதால் இதற்கு 'அவுட்போர்டு' என்று பெயர். இதை வியாபார ரீதியாகப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். கோடைக்கால ஏரிச் சுற்றுலாவில் காதலி ஐஸ்கிரீம் கேட்டாராம். இவர் துடுப்புப் போட்டு வாங்கிவருவதற்குள் உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் பிறந்த யோசனை, 1909-ல் விற்பனைக்கு வந்தது என்று சொல்வார்கள்.

இன்ஜினைத் தண்ணீருக்கு மேல் மாட்டியாகிவிட்டது. ஆனால் அதைக் குளிர்விக்கவும் தண்ணீர்தான் வேண்டும். காருக்கு இருப்பதுபோல் ரேடியேட்டர் கிடையாது. ஓடும்போது கடல் நீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே துப்பிவிடும். அதற்கு அடையாளமாக மேலே ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். அது வந்துகொண்டிருக்க வேண்டும். நின்றால்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், உப்போ பாசியோ அடைத்திருக்கலாம். இதனால்தான் டிரம்மில் தண்ணீர் இல்லாமல் இந்த இன்ஜினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. அந்த ரப்பர் கருகிவிடும்.

ஆக, இந்த இன்ஜினுக்குள் தண்ணீர் இருப்பது தப்பு இல்லை. இருக்கக் கூடாத இடத்துக்குப் போவதுதான் தப்பு.

பதினாறாவது நாள் இரவு

கதை அந்தச் சோற்றோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாறு நாள் கழித்து, இரவு பத்தரை மணிக்கு அத்தானின் போன் அடித்தது. நண்பரின் மனைவி. குரல் நடுங்கியது.

"அண்ணே, இன்னும் கரைக்கு வரல. மூணு பேரு போயிருக்காங்க. சாயந்தரம் கடைசியா பேசினப்ப இன்ஜின் நின்னு நின்னு போகுதுன்னாரு. அப்புறம் போன் கிடைக்கல. நீங்கதானே இன்ஜின் பாத்தீங்க?"

அந்தக் கடைசி வரியில் கோபம் இல்லை. ஆனாலும் அத்தான் உட்கார்ந்துவிட்டார்.

பாக் நீரிணையில் இன்ஜின் நிற்பது, ரோட்டில் பைக் நிற்பது மாதிரி இல்லை. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் வல்லம் போகும். இந்தியாவும் இலங்கையும் 1974-ல் ஒப்பந்தம் போட்டு வரைந்த எல்லைக்கோடு அந்தக் கடலில்தான் இருக்கிறது. இருட்டில் கோட்டைத் தாண்டிவிட்டால், பழுதான இன்ஜினோடு வந்தோம் என்பதை அந்தக் கரையில் போய்ச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இந்தப் பயம் அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் கடலோரக் காவல் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லிவிட்டார்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554. கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்த இரண்டு எண்களும் சுவரில் எழுதியிருக்க வேண்டும். அத்தானும் நானும் வேனில் கிளம்பினோம். வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விடிந்ததும் இன்னொரு வல்லம் இவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் குளிரில் விறைத்திருந்தார்கள். மற்றபடி நலம். காப்பாற்றியது நங்கூரம். இன்ஜின் நின்றதும், அதை நோண்டிக்கொண்டிருக்காமல் முதல் வேலையாக நங்கூரத்தை இறக்கியிருக்கிறார் நண்பர். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் தரை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க அதே இடத்தில் ஆடிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

ஹார்லிக்ஸ் பாட்டில் சொன்ன உண்மை

கூட்டம் கூடிவிட்டது. "கல்லல்காரர் பாத்த இன்ஜின்தானே?" என்று ஒருவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

அத்தான் இன்ஜினைத் தொடவில்லை. "தங்கச்சி, ஒரு கண்ணாடி பாட்டில் கொடும்மா. கேசரிப் பவுடர் இருந்தா அதுவும் வேணும்" என்றார்.

காலி ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. எரிபொருள் கேனின் அடியில் குழாய் விட்டு உறிஞ்சி, பாட்டிலில் நிரப்பி, திண்ணையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டிலின் அடியில் ஒரு கோடு தெரிந்தது. கேசரிப் பவுடரை ஒரு சிட்டிகை போட்டார். அது மேலே இருந்த மண்ணெண்ணெயில் கரையாமல் தூளாக இறங்கியது. கோட்டைத் தொட்டதும், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் செக்கச்செவேல் என்று நிறம் பரவியது. அது அத்தனையும் தண்ணீர்.

மண்ணெண்ணெயோடு தண்ணீர் கலக்காது. தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். வல்லம் கவிழ்ந்த அன்று கேனும்தான் முங்கியது. மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருந்ததால் கடல் நீர் உள்ளே போயிருக்கிறது. மேலே மேலே எண்ணெய் ஊற்றிக்கொண்டே வந்ததால் பதினைந்து நாள் தண்ணீர் அடியிலேயே இருந்தது. அலை அதிகமான அன்று குலுங்கி, குழாய்க்குள் ஏறிவிட்டது.

அத்தான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இன்ஜினைக் கழட்டிக் கழுவினேன். கேன்ல இருந்ததை ஒரு தடவை ஊத்திப் பாக்கல. தப்பு என்னோடது."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. நண்பர் மட்டும், "மூடியைத் திறந்து விட்டது நான்தானே மாப்ள" என்றார்.

தண்ணீருக்கு நாலு வாசல்

திரும்பி வரும் வழியில் அத்தான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். இன்ஜினுக்குள் தண்ணீர் வந்தால் 'எப்படித் துடைப்பது' என்பதற்கு முன்னால் 'எந்த வழியாக வந்தது' என்று கேட்க வேண்டும் என்பார். வாசலை அடைக்காமல் வீட்டைத் துடைத்து என்ன பயன்?

முதல் வாசல், எரிபொருள். அடையாளம்: ஓடும், திணறும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடும். பாட்டில் சோதனை செய்யுங்கள். பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு விஷயமும் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்வரை கலந்தே இருக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் பழைய பெட்ரோலைக் கேனில் வைத்திருக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் பில்டர் மாட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாம் வாசல், சிலிண்டர். மூழ்கினால் மட்டும்தான் தண்ணீர் போகும் என்றில்லை. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் குளிர்விக்கும் நீரே உள்ளே கசியும். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது பின்னால் துரத்திவரும் அலை, புகை வெளியேறும் வழியாக ஏறுவதும் உண்டு. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று கறுத்திருக்க, இன்னொன்று மட்டும் கழுவிவிட்டது போலிருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ, அந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது.

மூன்றாம் வாசல், கியர் பெட்டி. புரொப்பல்லருக்குப் பின்னால் நைலான் நரம்பு சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். கரைக்கு வந்ததும் புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு ராத்திரி இன்ஜினை நிமிர்த்தி வைத்துவிட்டு, காலையில் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். திருகின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.

நான்காம் வாசல், போர் ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயில். அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். மோர் மாதிரி இருந்தால் ஓட்டாதீர்கள். ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக் பார்க்க வேண்டும்.

நாலுக்கும் பொதுவாக ஒன்று: கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம். குளித்த தண்ணீரைப் பயன்படுத்தலாமா என்று நண்பரின் மனைவி கேட்டார். சோப்பு அலசாத, மணல் இல்லாத தண்ணீர் என்றால் கடல் நீரைவிட அது எவ்வளவோ மேல் என்றார் அத்தான்.

பைக் வைத்திருப்பவர்களுக்கும்தான்

'எங்கள் வீட்டில் படகு இல்லையே' என்று நகர்ந்துவிடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கும் பைக்குகளுக்கும் இதே விதிதான். வெள்ளம் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பாதீர்கள். தண்ணீர் நிறைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், இன்ஜின் பாதுகாப்புக்கு என்று தனியாக எடுக்காத சாதாரண இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்தச் சின்ன இன்ஜின்களின் அருமை 2018 ஆகஸ்ட்டில் நாட்டுக்கே தெரிந்தது. கேரள வெள்ளத்தில், மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். 669 படகுகளில் 4,537 மீனவர்கள் சென்று 65,000 பேரை மீட்டதாகக் கேரள அரசு சொன்னது. மதில் சுவர், மரக்கிளை, குப்பை எல்லாவற்றிலும் மோதிக்கொண்டுதான் அந்த இன்ஜின்கள் ஓடின.

எங்கள் அத்தானின் பட்டறையில் இப்போது கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. கிணற்று மோட்டாருக்கான ஆயில் இன்ஜினோ, பைக்கோ, எது 'திணறுது' என்று வந்தாலும் முதலில் பாட்டில்தான்.

நண்பரின் வல்லத்திலும் ஒரு பாட்டில் இருக்கிறது. கிளம்பும் முன் கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் ஊற்றிவைப்பது, வலையை ஏற்றி முடிப்பதற்குள் பார்ப்பது. இதை இவர் மறந்தாலும் வீட்டில் மறப்பதில்லை. வல்லம் தள்ளும் நேரத்துக்கு வாசலிலிருந்து குரல் வருமாம்.

"பாட்டிலைப் பாத்தாச்சா?"